கேக் விலையில் கூலி எங்கே போச்சு?

கேள்வி: வணக்கம் அக்கா. வீட்டிலிருந்தே பிறந்தநாள், திருமண நாள் கேக்குகளை அலங்கரித்துக் கொடுத்து வருகிறேன். ஆர்டருக்குக் குறைவில்லை. வாரக் கடைசி வந்தால் தூக்கமே கிடையாது. ஆனால் மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கையில் ஒன்றும் நிற்பதில்லை. பொருள் செலவு எவ்வளவோ அதை மூன்றால் பெருக்கித்தான் விலை சொல்கிறேன். இந்தத் தொழிலில் இருக்கும் ஒரு தோழி சொல்லிக் கொடுத்த வழி அது. போன வாரம் 8 அங்குல கேக் ஒன்று செய்தேன். முழுக்க ஃபாண்டன்ட் (கேக்கின் மேல் போர்த்தும் சர்க்கரை மாவு), மேலே ஒரு குட்டி யானை, சுற்றிலும் சர்க்கரைப் பூக்கள். வாங்க வந்தவர் "இவ்வளவா?" என்றார். என் கணவர் "இவ்வளவுதானா?" என்றார். யார் சொல்வது சரி? விலையை ஏற்றினால் இருப்பவர்களும் போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. சொந்தக்காரர்களிடம் பணம் கேட்கவும் வாய் வரவில்லை. அடுத்த மாதத்துக்கு ஒருவர் இரண்டடுக்கு கேக் கேட்டிருக்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் கணவர் சொன்னதுதான் சரி. வாங்கியவர் மேல் கோபப்படவும் வேண்டாம். ஒரு யானை பொம்மை செய்ய எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. தெரிந்திருக்க வேண்டியவர் நீங்கள்தான். அதனால் முதலில் அந்த யானை கேக்கையே எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

நேரத்தை நீங்கள் எழுதவில்லை. ஓரளவு கை பழகிய ஒருவருக்கு ஆகும் நேரத்தை வைத்து நான் போடுகிறேன், உங்களுக்குப் பொருந்தாத இடத்தில் திருத்திக்கொள்ளுங்கள். ஆர்டர் கொடுத்தவரோடு பேசி, படம் பார்த்து, நிறம் முடிவு செய்தது 40 நிமிடம். சாமான் வாங்கியது 30. மாவு கலந்து, டின்னில் ஊற்றி, வெந்ததை எடுத்து ஆறவைத்தது 60 (ஓவனில் வேகும் நேரத்தை நான் சேர்க்கவில்லை, அப்போது நீங்கள் வேறு வேலை பார்க்கலாம்). கேக்கின் மேலே உப்பிய மேட்டை வெட்டிச் சமப்படுத்தி, நடுவில் கிரீம் வைத்து, மேல்பூச்சு கொடுத்தது 75. ஃபாண்டன்ட் பிசைந்து, விரித்து, மூடியது 45. யானை 120. பூக்கள் 120. எல்லாவற்றையும் பொருத்தியது 30. பாத்திரம் கழுவி மேடையைத் துடைத்தது 45. போட்டோ எடுத்துப் பெட்டியில் வைத்தது 15. கூட்டினால் 580 நிமிடம், அதாவது 9 மணி 40 நிமிடம்.

இனி பணம். எந்த நாணயமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான், அதனால் அந்தக் கேக்கின் பொருள் செலவை 100 என்று வைத்துக்கொள்வோம். மூன்றால் பெருக்கி 300 வாங்கினீர்கள். அதில் பொருளுக்கு 100 போய்விட்டது. பெட்டி, போர்டு, ரிப்பன் வகையில் 15. மின்சாரம், கேஸ், மாவு அடிக்கும் பீட்டரின் தேய்மானம், போன் என்று 25. மிச்சம் 160. அதை 9 மணி 40 நிமிடத்துக்குப் பங்கிட்டால் ஒரு மணி நேரத்துக்கு 16 சொச்சம். ஒரு கேக்குக்கு வாங்கும் சாமானில் ஆறில் ஒரு பங்குதான் உங்கள் ஒரு மணி நேர உழைப்பின் மதிப்பு. அந்தக் காசுக்குப் பாத்திரம் கழுவ யாராவது வருவார்களா, நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மூன்று மடங்கு விதி எங்கே காலை வாரியது என்று பாருங்கள். சர்க்கரைப் பூவுக்கு ஆகும் கம் பேஸ்ட் (பூச்செய்யும் சர்க்கரை மாவு) சில கிராம்தான். பொருள் செலவில் அது ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாததை மூன்றால் பெருக்கினாலும் ஒன்றும் வராது. அப்படித்தான் இரண்டு மணி நேரப் பூ வேலை விலைக்குள் வராமலே போனது. இதே விதி எதிர்ப்பக்கமும் தப்பு செய்யும். பாதாம், பிஸ்தா, நல்ல சாக்லேட் எல்லாம் நிறையப் போட்ட, அலங்காரமே இல்லாத ஒரு கேக்குக்கு இதே கணக்கைப் போட்டால் வேலைக்குப் பொருந்தாத விலை வந்து நிற்கும். ஆக, கை வேலை கூடக் கூட உங்களுக்கு நஷ்டம், பொருள் கூடக் கூட வாங்குபவருக்கு நஷ்டம். சாதாரண கேக் ஒன்றையே தினமும் செய்து விற்பவருக்கு அந்த விதி ஒத்துவரலாம். ஆர்டருக்கு ஒரு டிசைன் செய்யும் உங்களுக்கு ஒத்துவராது. எடைக்கு இவ்வளவு என்று ஒரே விலை சொல்வதிலும் இதே கோளாறு உண்டு. யானையை எடை போட்டா விற்பீர்கள்?

தையல் கடையில் துணியின் விலை வேறு, தையல் கூலி வேறு. உங்கள் விலையையும் அப்படிப் பிரித்துவிடுங்கள். அலங்காரம் இல்லாத கேக்குக்கு அளவு வாரியாக ஒரு விலை. அலங்காரத்துக்கு மணிக் கணக்கில் கூலி. இரண்டுக்கும் மேல் லாபம்.

லாபம் என்றதும் பலர் குழம்புவார்கள். கூலி என்பது கேக் செய்த உங்களுக்கு. லாபம் என்பது தொழிலுக்கு. பீட்டர் எரிந்துபோனால், கேக் கவிழ்ந்து இன்னொன்று செய்ய வேண்டி வந்தால், ஆர்டர் இல்லாத மாதத்தில் எல்லாம் கை கொடுப்பது அதுதான். இதில் ஒரு சின்னக் கணக்குப் பொறி இருக்கிறது. செலவு 100, அதன் மேல் 30 வைத்து 130-க்கு விற்றால் 30 சதவீதம் லாபம் என்று நினைத்துக்கொள்கிறோம். விற்ற 130-இல் 30 என்பது 23 சதவீதம்தான். விற்பனையில் 30 சதவீதம் நிற்க வேண்டும் என்றால் 100-ஐ 0.7-ஆல் வகுக்க வேண்டும், விலை 143 ஆகும். தள்ளுபடியும் இதே மாதிரி கண்ணை மறைக்கும். எல்லாச் செலவும் போக 100-க்கு 20 நிற்கும் கேக்கில் 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் நீங்கள் விட்டுக்கொடுத்தது பத்தில் ஒரு பங்கு இல்லை, லாபத்தில் சரிபாதி.

சரி, யானைக்குத் திரும்புவோம். ஒரு மணி நேரத்துக்கு 40 என்று கூலி வைப்போம். 9 மணி 40 நிமிடத்துக்கு 387. பொருள், பெட்டி, மற்ற செலவு 140. ஆக 527. விற்பனையில் 20 சதவீதம் லாபம் நிற்க 0.8-ஆல் வகுத்தால் 658. நீங்கள் வாங்கியது 300.

இதைப் படித்ததும் "658 சொன்னால் யார் வாங்குவார்கள்?" என்று தோன்றும். நியாயமான கேள்வி. எல்லோரும் வாங்க மாட்டார்கள். அங்கேதான் பெரும்பாலானவர்கள் விலையைக் குறைத்துவிடுகிறார்கள். நீங்கள் வேலையைக் குறையுங்கள். பூக்களை எடுத்துவிட்டு, யானையைப் பொம்மையாகச் செய்யாமல் தட்டையாக வெட்டி ஒட்டினால் 200 நிமிடம் மிச்சம். விலை 492-க்கு இறங்கும். ஃபாண்டன்ட்டும் வேண்டாம், பட்டர்கிரீம் பூச்சிலேயே கோடு போட்டு, கடையில் வாங்கிய டாப்பர் (கேக் மேல் குத்தும் அலங்கார அட்டை) ஒன்றைக் குத்திவிடலாம் என்றால் இன்னும் 85 நிமிடம் குறைந்து ஏறக்குறைய 420. (பொருள் செலவும் கொஞ்சம் மாறும், கணக்கு எளிதாக இருக்க அப்படியே விட்டிருக்கிறேன்.) இந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். யானையும் பூவும் இல்லாத கேக்கே 420. முழு அலங்காரத்தோடு நீங்கள் கொடுத்தது 300-க்கு.

கூலி எவ்வளவு வைப்பது என்பதை நான் சொல்ல முடியாது. உங்கள் ஊரில் கைத்திறன் உள்ள ஒருவர், தையலோ அழகுக்கலையோ, ஒரு மணி நேரத்துக்கு என்ன வாங்குகிறார் என்று பார்த்து அங்கிருந்து தொடங்குங்கள். ஆனால் ஒன்று, கற்றுக்கொள்ளும் நேரத்தை வாங்குபவர் தலையில் கட்டக் கூடாது. முதல் முறை யானை செய்து, காது விழுந்து, திரும்பச் செய்து நான்கு மணி நேரம் ஆகியிருந்தால் இரண்டு மணி நேரத்துக்குத்தான் கூலி போட வேண்டும். மிச்சம் உங்கள் பயிற்சி. இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. ஆனால் மெதுவாகச் செய்வதற்கு யாரும் அதிகம் கொடுக்கப் போவதில்லை. வேகம் வந்த பிறகு கூலியை ஏற்றிக்கொள்ளுங்கள். அப்போது அந்த வேகம் உங்கள் சம்பாத்தியம்.

அளவு வாரி விலையில் இன்னொரு இடத்திலும் பணம் ஒழுகுகிறது. 6 அங்குல கேக்குக்கு ஒரு விலை வைத்திருப்பார்கள். 8 அங்குலம் கேட்டால் 2 அங்குலம்தானே கூட என்று மூன்றில் ஒரு பங்கு ஏற்றிச் சொல்வார்கள். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும். உயரம் ஒன்றாக இருந்தால் 6 அங்குலத்துக்கு 36 பங்கு மாவு என்றால் 8 அங்குலத்துக்கு 64 பங்கு. கிட்டத்தட்ட 1.8 மடங்கு. 10 அங்குலத்துக்கு 2.8 மடங்கு. 12 அங்குலத்துக்கு முழுசாக நான்கு மடங்கு. மேல்பூச்சு இவ்வளவு வேகமாக ஏறாது. 4 அங்குல உயரக் கேக்கில் மேல்பக்கமும் சுற்றுச்சுவரும் சேர்த்துப் பார்த்தால் 6-இலிருந்து 8-க்குப் போகும்போது பூச வேண்டிய பரப்பு 1.45 மடங்குதான் ஆகிறது. பேசும் நேரம், சாமான் வாங்கும் நேரம், கழுவும் நேரம் எல்லாம் ஏறக்குறைய மாறாது.

அதனால் பெரிய கேக்குக்குப் பொருள் செலவைக் குறைத்துப் போட்டு ஏமாறுகிறோம், சின்னக் கேக்குக்கு நேரத்தைக் குறைத்துப் போட்டு ஏமாறுகிறோம். 4 அங்குலக் குட்டி கேக்குக்கு மாவு 6 அங்குலத்தில் பாதிகூட வேண்டாம். ஆனால் எழுத்து எழுதவும் பூப்போடவும் அதே நேரம் ஆகும், சில சமயம் இடம் போதாமல் கூடவே ஆகும். 'சின்னதுதானே' என்று பாதி விலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்தத் தொகைக்குக் கீழே ஆர்டர் எடுப்பதில்லை என்று ஓர் அடிமட்ட விலை வைத்துவிடுங்கள்.

பொருள் செலவையும் ஒரு தடவை கிராம் கணக்கில் போட்டுவிடுங்கள். பாக்கெட் விலையைப் பாக்கெட் எடையால் வகுத்தால் கிராம் விலை. நீங்கள் கேக்கில் போடுவது எத்தனை கிராம், அதால் பெருக்குங்கள். வெட்டி எடுக்கும் மேடு, பைப்பிங் பையில் ஒட்டிக்கொண்டு போகும் கிரீம், ஓரத்தில் நறுக்கும் ஃபாண்டன்ட் எல்லாம் வீண் போகும் கணக்கு. 8 அங்குலம், 4 அங்குல உயரக் கேக்கை மூட ஏறக்குறைய 700 கிராம் ஃபாண்டன்ட் விரிக்க வேண்டியிருக்கும். கேக்கில் நிற்பது அதைவிடக் குறைவு. விரித்த அளவுக்கு விலை போடுங்கள். கறுப்பும் அடர் சிவப்பும் கேட்டால் கலர் ஜெல் தாராளமாகச் செலவாகும், நிறம் ஏற ஒரு இரவு விடவும் வேண்டும். வெண்ணெய், சாக்லேட் விலை அடிக்கடி மாறும். நான்கு மாதத்துக்கு ஒரு முறையாவது இந்தத் தாளைத் திருத்துங்கள். பல நாடுகளில் வீட்டில் செய்து விற்க உணவுப் பதிவோ உரிமமோ வேண்டும். அந்தக் கட்டணமும் வருடக் கணக்கில் செலவுதான்.

விலை ஏற்றினால் ஆள் போய்விடுவார்களே என்ற பயத்துக்கு வருகிறேன். சிலர் போவார்கள், அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் இதையும் பாருங்கள். கூலி உட்பட எல்லாம் போக 100-க்கு 20 நிற்கும் கேக்கை 120 ஆக்கினால் 40 நிற்கும். ஆர்டரில் பாதி போனாலும் லாபம் அதே அளவுதான், வேலை மட்டும் பாதி. (உரிமம், போன் போன்ற நிலையான செலவு குறைந்த கேக்குகள் மேல் விழும் என்பதால் இம்மி பிசகாமல் அப்படியே வராது. ஆனாலும் போக்கு இதுதான்.) உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. வாரக் கடைசியில் தூக்கமில்லை என்கிறீர்கள். ஆர்டர் நிரம்பி வழிகிறது, மறுப்பவர் அபூர்வம் என்றால் விலை தாழ்வாக இருக்கிறது என்று அர்த்தம். அதே ஊரில் யாரோ இன்னும் குறைத்துக் கொடுக்கிறார் என்று சொல்வார்கள். அவர் பொழுதுபோக்குக்குச் செய்பவராக இருக்கலாம், கணக்கே போடாதவராகவும் இருக்கலாம். அவர் விலைப்பட்டியலைப் பார்த்து உங்கள் விலையை வைத்தால் அவருடைய தப்பும் சேர்ந்து வந்துவிடும்.

ஏற்றும்போது விளக்கக் கட்டுரை எழுத வேண்டாம். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஆர்டர்களைப் பழைய விலைக்கே கொடுங்கள். இந்தத் தேதியிலிருந்து புது விலை என்று ஒரு வரி போதும். "மன்னிக்கணும், வெண்ணெய் விலை ஏறிடுச்சு, அதனால..." என்று ஆரம்பித்தீர்கள் என்றால் பேரம் அங்கேயே தொடங்கிவிடும்.

சொந்தக்காரர்கள் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. கொடுத்தால் முழுசாகப் பரிசாகக் கொடுங்கள், இல்லையென்றால் முழு விலை வாங்குங்கள். பாதி விலை என்பதுதான் ஆபத்து. உங்கள் சித்தி அந்தப் பாதி விலையைத்தான் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்வார். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர் அதே விலைக்கு வந்து நிற்பார். வருடத்துக்கு இன்னின்னாருக்கு என் கையால் ஒரு கேக் பரிசு என்று நீங்களே முடிவு செய்துவிட்டால் மற்ற நேரத்தில் பணம் கேட்பதும் சுலபம். அப்படியும் யாருக்காவது குறைத்தே ஆக வேண்டும் என்றால் பில்லில் முழு விலையை எழுதி, கீழே கழித்த தொகையைக் காட்டுங்கள். "அத்தை, இதோட விலை இவ்வளவு, உங்களுக்காக இவ்வளவு குறைச்சிருக்கேன்" என்று வாய்விட்டும் சொல்லிவிடுங்கள்.

இனி அந்த இரண்டடுக்கு ஆர்டர். படம் அனுப்பி "இது எவ்வளவு?" என்று கேட்டதும் ஒரு தொகையைச் சொல்லிவிடாதீர்கள். என்றைக்கு, எத்தனை பேருக்கு, கேக் மட்டும்தான் இனிப்பா, வேறு பலகாரமும் உண்டா, யாருக்காவது முட்டையோ கொட்டை வகையோ ஆகாதா, நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டுமா, கையில் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார் என்று கேளுங்கள். 8 அங்குலத்தின் மேல் 6 அங்குலம் வைத்தால், 4 அங்குல உயரத்தில், 1-க்கு 2 அங்குலத் துண்டாக வெட்டும்போது 24-ம் 12-மாக 36 துண்டு வரும். கொஞ்சம் தாராளமாக ஒன்றரைக்கு 2 அங்குலம் வெட்டினால் 25 பக்கம்தான். 60 பேர் வருகிறார்கள் என்றால் பக்கத்தில் அலங்காரமில்லாத தட்டைக் கேக் ஒன்றை வெட்டித் தட்டில் வைத்துக் கொடுக்கலாம் என்று சொல்லுங்கள். மூன்றாவது அடுக்கு ஏற்றுவதைவிட அவருக்கு அது மலிவு.

சிலர் கீழ் அடுக்கைத் தெர்மாகோல் டம்மியாக வைத்துவிடுங்கள், விலை பாதியாகுமே என்பார்கள். ஆகாது. தெர்மாகோலில் மிச்சமாவது மாவும் ஓவன் வேலையும்தான். மூடுவதும் பூ வைப்பதும் அதே நேரம் பிடிக்கும். அடுக்கு கேக்கில் உள்ளே செருகும் தாங்கு குச்சிகள், நடுவில் வைக்கும் போர்டு, காரில் மடியில் வைத்துக்கொண்டு போகும் நேரம், அங்கே போய் ஒட்டுப்போடும் நேரம் எல்லாம் தனி வரியாக விலையில் வரட்டும். அவரே வந்து எடுத்துப்போனால் வாசல் தாண்டியபின் நேரும் சேதத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை என்பதையும் முன்பே எழுதிவிடுங்கள், வாயால் மட்டும் சொன்னால் நிற்காது.

அட்வான்ஸ் குறைந்தது பாதி. நீங்கள் சாமான் வாங்கிவிட்டால் அது திரும்பாது என்பது தெளிவாக இருக்கட்டும். மீதி, டெலிவரிக்கு மூன்று நாள் முன்பே வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வரும் "ஒரு சின்ன மாற்றம்தான்" எல்லாவற்றுக்கும் தனிக் கட்டணம்.

பதிலை இப்படி அனுப்பலாம்: "வணக்கம். நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மூன்று விதமாகச் செய்யலாம். படத்தில் உள்ளபடியே சர்க்கரைப் பூக்களோடு என்றால் இவ்வளவு. பூக்களை மேல் அடுக்கில் ஒரு கொத்தோடு நிறுத்திக்கொண்டால் இவ்வளவு. பூ இல்லாமல் பட்டர்கிரீம் வேலைப்பாடு மட்டும் என்றால் இவ்வளவு. மூன்றிலும் கேக்கின் சுவையும் அளவும் ஒன்றுதான். கொண்டுவந்து வைப்பதற்கு இவ்வளவு தனி. பாதித் தொகை வந்ததும் தேதியை உங்களுக்காக எடுத்துவைக்கிறேன். இந்த விலை வரும் ஞாயிறு வரை." அனுப்பிவிட்டுப் போனைக் கீழே வையுங்கள். அவர் பதில் சொல்வதற்குள் நீங்களாகவே இன்னொரு குறைந்த விலை அனுப்பக் கூடாது.